எங்களுக்குச் சுரங்கம் வேண்டாம், நிழல் போதும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். உடன்பாடு இல்லாவிட்டால் கீழே வந்து சண்டை பிடியுங்கள், ஆனால் முழுக்க வாசித்துவிட்டுப் பிடியுங்கள்.

கனடாவில் டொரண்டோ நகரத்தின் நிலத்தடிக் கடைத்தெருவை, அந்த ஊரிலேயே குடியிருக்கும் நம்மவர் ஒருவர் நடந்து நடந்து காட்டும் வீடியோ ஒன்று இரண்டு வாரமாக எங்கள் மாத்தளை வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே ஐந்து பேர் அனுப்பினார்கள். நல்ல வீடியோ. பேசுகிறவருக்குத் தன் ஊர் தெரிகிறது. எந்தப் படியால் இறங்க வேண்டும், எந்த மூலையில் திரும்பினால் ரயில் நிலையம் வரும், எந்தக் கடையில் தேநீர் மலிவு என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் சண்டை கொமெண்ட்களோடுதான்.

"எங்கட ஊர் எப்ப இப்பிடி ஆகும்?" என்று ஒருவர். "மெயின் ஸ்ட்ரீட்ட முழுசா இடிச்சிட்டு இப்பிடி ஒன்னு கட்டணும்" என்று இன்னொரு நானா. "நம்மட கடைத்தெருவுல மனிசன் நடக்க ஏலுமா?" என்று ஒரு தாத்தா. இதற்குக் கீழே நூற்றுக்கணக்கான லைக்.

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஏலாது. அந்தத் தாத்தா சொல்வது முழு உண்மை. கையில் ஒரு பிள்ளை, இடுப்பில் ஒரு பிள்ளை, மற்றக் கையில் பையோடு எங்கள் மெயின் ஸ்ட்ரீட்டில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நோய் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் இடிச்சிட்டுக் கட்டணும் என்ற மருந்து நோயை விடக் கொடியது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த இடம் என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்வோம். அதற்குப் பெயரே 'பாத்', அதாவது பாதை. சுமார் 30 கிலோமீற்றர் நீளம். எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை நிலத்துக்குக் கீழே இணைக்கிறது. சுமார் 1,200 கடைகள். உலகத்தின் மிகப் பெரிய நிலத்தடிக் கடைத்தொகுதி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. வழி தவறாமல் இருக்க அந்தப் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துக்கும் நான்கு நிறம். சிவப்பு தெற்கு, செம்மஞ்சள் மேற்கு, நீலம் வடக்கு, மஞ்சள் கிழக்கு. வீடியோக்காரர் இதை அழகாகச் சொல்கிறார்.

இது எப்படி வந்தது? ஒரு அரசாங்கம் ஒரே நாளில் திட்டம் போட்டுக் கட்டியதில்லை. 1900இல் ஈட்டன்ஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் தங்கள் பிரதான கடையையும் மலிவு விலைக் கிளையையும் தெருவுக்குக் கீழால் ஒரு சுரங்கத்தால் இணைத்தார்கள். அதுதான் தொடக்கம். 1920களின் கடைசியில் யூனியன் ரயில் நிலையத்தையும் எதிரே இருந்த ரோயல் யோர்க் ஹோட்டலையும் இணைத்தார்கள். 1960, 70களில் வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் எழுந்தபோது ஒவ்வொரு கட்டடமும் தன் அடித்தளத்தில் கடைகளை வைத்து, பக்கத்துக் கட்டடத்தோடு கதவைத் திறந்துகொண்டது. நகர நிர்வாகம் இதையெல்லாம் ஒருங்கிணைக்கும் பொறுப்பை எடுத்தது 1987இல்தான்.

இதற்கெல்லாம் பின்னால் இருந்தது குளிர். ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை, சில நாட்களில் இருபது பாகை வரை இறங்கும் ஊர் அது. கன்னம் வெடிக்கும். அந்தக் குளிரில் மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வர மனிதன் பயப்படுவான். அதனால் பூமிக்குள் போனார்கள். மொன்றியல் நகரத்திலும் இதே கதை. 1962இல் பிளேஸ் வில் மரி என்ற கட்டடத்தின் அடியில் தொடங்கி, இப்போது 30 கிலோமீற்றருக்கு மேல். அவர்களுடைய காலநிலைக்கு அவர்கள் கண்ட விடை அது. மாஷா அல்லாஹ், நல்ல விடை.

மாத்தளையில் எப்போதாவது பனி பெய்ததா?

இனி, அந்த வீடியோ காட்டாத ஒன்றைச் சொல்கிறேன். கதவுகள்.

அந்த 30 கிலோமீற்றரும் ஒரு தெரு மாதிரித் தெரிகிறது. ஆனால் சட்டப்படி அதில் மிகப் பெரும் பகுதி தனியார் சொத்து. முப்பதுக்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள். ஒவ்வொரு கட்டடமும் தனக்கு வசதியான நேரத்துக்குத் திறக்கும், பூட்டும். அலுவலக வேலையாட்கள் வீட்டுக்குப் போன பிறகு, சனி ஞாயிறுகளில், அநேகக் கடைகள் இழுத்து மூடியிருக்கும். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் சொந்தக் காவலாளி. வேலை வெட்டி இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்க வீடில்லாத ஒருவரால் முடியாது. எழுந்து போ என்பார்கள். சட்டம் அவர்கள் பக்கம்.

2020இல் கொரோனா வந்து அலுவலகங்கள் மூடியபோது அந்தக் கடைகளுக்கு என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள். மேலே இருந்த வேலையாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். கீழே இருந்த சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ஈயோட்டினார்கள். அந்தக் கடைத்தெருவுக்குச் சுற்றுவட்டாரத்துக் குடும்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டடத்துக்கு ஆள் வந்தால்தான் அதற்கு உயிர். எங்கள் கடைத்தெருவுக்கு உக்குவளையில் இருந்தும் இரத்தோட்டையில் இருந்தும் பாலாபத்வெலவில் இருந்தும் தோட்டங்களில் இருந்தும் ஆள் வருகிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்தவர் மரக்கறி வாங்கிப் போகிறார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் செருப்பு வாங்கிப் போகிறார்.

இன்னொன்று. 2009ஐ மறந்துவிட்டீர்களா? வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது டொரண்டோத் தமிழர்கள் எங்கே கூடினார்கள்? ஜனவரிக் குளிரில் நகரத்தின் நடுவே மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு முன்னால் யூனிவர்சிட்டி அவெனியூவில் இரவு பகலாக இருந்தார்கள். மே 10ஆம் திகதி ஆயிரக்கணக்கில் கார்டினர் அதிவேக வீதியில் ஏறி நின்றார்கள். அவர்கள் செய்தது சரியா பிழையா என்ற விவாதம் இங்கே வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. காலடியில் கதகதப்பாக 30 கிலோமீற்றர் சுரங்கம் இருந்தும் ஏன் மேலே, குளிரில் நின்றார்கள்? கீழே இருப்பது ஒருவருடைய கட்டடம். மேலே இருப்பது எல்லோருடைய தெரு. அழுவதற்குக்கூட ஒரு பொது இடம் வேண்டும்.

இது கனடாக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் நாட்டுக்கு வருகிறேன்.

கொழும்பில் காலிமுகத்திடல் இருக்கிறது. 1859இல் அதை அமைத்து முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைக் காத்து வாருங்கள் என்று தனக்குப் பின் வருபவர்களுக்குக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனார். வெள்ளைக்காரன் எங்களுக்குச் செய்த அநியாயங்கள் ஆயிரம். ஆனால் இந்த ஒன்றில் புத்தி இருந்தது. அதற்குப் பக்கத்தில் 2019 நவம்பரில் ஒரு பெரிய மோல் திறந்தது. குளிரூட்டி, பளபளப்பு, எல்லாம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்த நாட்டு மக்களுக்குப் பசி வந்தபோது, எரிவாயு வரிசையும் மின்வெட்டும் தாங்க முடியாமல் போனபோது, எங்கே போனார்கள்? புல்வெளிக்கு. ரமழான் மாதத்தில் அங்கே சிங்களச் சகோதரர்களும் தமிழ்ச் சகோதரர்களும் எங்களோடு இருந்து நோன்பு திறந்ததைப் படங்களில் பார்த்தோமே. திறந்த வெளியாக இருந்தபடியால் அது நடந்தது. மோலுக்குள் அதற்கு அனுமதி கேட்டுப் பார்த்திருக்கலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம். 2019 மே மாதம். ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முகம் மூடுவதற்குத் தடை வந்திருந்த நாட்கள். நான் முகம் மூடுபவள் இல்லை. அபாயா, தலையில் ஷோல், அவ்வளவுதான். ஒரு கடைக் கட்டடத்தின் வாசலில் காவலாளி நிறுத்தினார். பையைக் காட்டினேன். அடையாள அட்டையைக் காட்டினேன். ஆசிரியை என்று சொன்னேன். "இண்டைக்கு உள்ளுக்கு விட ஏலாது" என்றார். எந்தச் சட்டத்தில் என்று கேட்டேன். "இது பில்டிங் ரூல், மிஸ்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பாவம், அவரும் சம்பளத்துக்கு நிற்கிறவர்.

நான் திரும்பித் தெருவுக்கு வந்தேன். தெருவிலும் சிலர் முறைத்தார்கள். ஒருவர் எதையோ முணுமுணுத்தார். ஆனால் தெருவில் நடக்காதே என்று சொல்ல அவர்களில் ஒருவருக்கும் உரிமை இருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு விளங்கியது, எங்களைப் போன்றவர்களுக்குத் தெரு எவ்வளவு பெரிய நிஃமத் என்று. ஊர் நல்லாயிருக்கும்போது கட்டடமும் தெருவும் ஒன்று போலத் தெரியும். ஊர் கெடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

எனவே "மெயின் ஸ்ட்ரீட்டை இடித்து ஒரே கட்டடமாக்குவோம்" என்று சொல்லும் சகோதரர்களே, நீங்கள் கேட்பது கடையை மட்டும் மாற்றச் சொல்வதாக நினைக்கிறீர்கள். உண்மையில் தெருவின் சாவியை ஒருவர் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள். வாசலில் நிற்பவருக்குத் தோட்டத்திலிருந்து கொழுந்துக்கூடைக் கறையோடு வரும் அம்மாவைப் பிடிக்குமா? வெற்றிலை போட்ட கிழவரைப் பிடிக்குமா? என் பிள்ளைகளின் ஹிஜாபைப் பிடிக்குமா? எல்லா வருடமும் பிடிக்குமா?

"அது தனியாரிடம் கொடுத்தால்தான். அரசாங்கமே கட்டினால்?" என்று கேட்பீர்கள். அதற்கும் உதாரணம் இருக்கிறது. டெல்லி. கொன்னாட் பிளேஸின் நடுவே நிலத்துக்குக் கீழே பாலிகா பஸார் என்ற சந்தை இருக்கிறது. 1970களின் கடைசியில் திறந்தார்கள். குளிரூட்டிய நிலத்தடிச் சந்தை, மேலே பூங்கா. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கே பெருமை. அந்த இடத்தில் அதற்கு முன் என்ன இருந்தது தெரியுமா? ஒரு கோப்பி ஹவுஸ். எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் மாணவர்களும் ஒரு கோப்பிக்கு மணிக்கணக்காகக் குந்தியிருந்து பேசிய இடம். இந்திரா காந்தியின் அவசரகாலத்தில், 1976இல், அதை இடித்தார்கள். பேசிய இடம் போனது, வாங்கும் இடம் வந்தது.

அந்தச் சந்தைக்குப் பிறகு என்ன நடந்தது? காற்றோட்டம் இல்லை, நெருக்கடி, பராமரிப்பு இல்லை. கள்ள சீடீக்கும் போலிப் பொருளுக்கும் பேர்போன இடமாக மாறியது. போலிப் பொருள் விற்கும் பேர்கெட்ட சந்தைகள் என்று அமெரிக்க அரசு வெளியிடும் பட்டியலிலேயே அதன் பெயர் வந்தது. அங்கே கடை வைத்திருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. வெளிச்சமும் காற்றும் யாரோ ஒருவர் சுவிட்ச் போட்டால்தான் வரும் இடத்தில் வியாபாரம் செய்வது அவர்களுக்கும் கஷ்டம்.

சுவிட்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 மார்ச் கடைசியில் இந்த நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எங்கள் மெயின் ஸ்ட்ரீட் கடைகள் எப்படிச் சமாளித்தன? கதவைத் திறந்து வைத்தார்கள். வெயில் வெளிச்சம் வந்தது. காற்று வந்தது. மேசையில் கல்குலேட்டரை வைத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தார்கள். அதே கடைகள் நிலத்துக்குக் கீழே முப்பது அடியில் இருந்திருந்தால்? ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே? டீசல் வரிசையும் அந்த நாட்களில்தானே இருந்தது. ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழையில் எங்கள் கான்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே, அந்தத் தண்ணீருக்குக் கீழே கடை கட்டச் சொல்கிறீர்கள்.

சரி டீச்சர், எல்லாம் வேண்டாம் என்றால் என்னதான் வேண்டும்?

டொரண்டோவிடம் படிக்க வேண்டிய பாடம் சுரங்கம் தோண்டுவது இல்லை. "எங்கள் ஊரில் நடக்கிறவனுக்கு எது தொல்லை?" என்று அவர்கள் கேட்டார்கள். குளிர் என்று பதில் வந்தது. அதற்கு மருந்து தேடினார்கள். நாங்களும் அதே கேள்வியைக் கேட்போம். மாத்தளையில் நடக்கிறவருக்கு எது தொல்லை? வெயில், மழை, வாகனம், நடைபாதையில் குவிந்த சாமான். இதற்கு மருந்து நிலத்துக்கு மேலேயே இருக்கிறது. ஆசியாவுக்கு அது புதிதும் இல்லை.

சிங்கப்பூரின் நகரத் திட்டத்தை 1822இல் போட்டபோது ரஃபிள்ஸ் ஒரு நிபந்தனை வைத்தார். தெருவின் இரண்டு பக்கமும் எந்தக் கடை கட்டினாலும் முன்னால் கூரையுள்ள விறாந்தை விட வேண்டும். அது அறுபடாமல் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குத் தொடர வேண்டும். ஐந்தடிப் பாதை என்று பேர் வந்தது. பினாங்கிலும் அதே மாதிரி விறாந்தைகள். வெயிலில் நிழல், மழையில் குடை, காசு செலவில்லாமல். நிலம் கடைக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. சுரங்கத்தின் முழுப் பயனும் இதில் இருக்கிறது. பூட்டு மட்டும் இல்லை.

எங்கள் பழைய கடைகளிலும் விறாந்தை இருந்தது. திண்ணையில் ஒரு வாங்கு போட்டிருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்பவர் மழைக்கு ஒதுங்குவார். இன்று கட்டடங்கள் புதுப்பிக்கும்போது முதலில் விழுங்கப்படுவது அந்த விறாந்தைதான். கண்ணாடி போட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறோம். அது போதாமல் நடைபாதையிலும் பிளாஸ்டிக் வாளியை அடுக்குகிறோம்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களிடமே கொஞ்சம் கடுமையாகப் பேச வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் ஆறு வயதில் படித்த சமூகம் நாங்கள். பாதையில் உட்கார்கிறவர் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லித் தந்ததையும் படித்திருக்கிறோம். தொழுகைக்குப் போகும்போது கடையைப் பூட்டும் அதே நானா, நடைபாதை முழுக்கச் சாமானைப் பரப்பி, கர்ப்பிணிப் பெண்ணை பஸ்ஸுக்கு முன்னால் இறங்க வைக்கிறார். முஸ்லிம் கடைக்காரர் மட்டும் இல்லை, சிங்களக் கடை, தமிழ்க் கடை எல்லாம் ஒன்றுதான். ஆனால் நான் முதலில் என் வீட்டைத்தான் கூட்ட வேண்டும். 2019க்குப் பிறகு எங்கள் கடைகளைப் புறக்கணியுங்கள் என்று பேஸ்புக்கில் பரப்பினார்களே, அப்போது மனம் நொந்தோம். எங்கள் கடைக்கு முன்னால் நிம்மதியாக நடக்க முடிகிறது என்று ஒரு சிங்களத் தாய் சொல்வதை விட நல்ல பதில் அதற்கு என்ன இருக்கிறது?

நடைபாதையில் சீப்பும் பூட்டும் விற்கும் சின்ன வியாபாரிகளை விரட்டச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குக் கோடு போட்டு இடம் கொடுக்கலாம். பெரிய கடை, தன் உள்ளே இடம் இருக்கும்போதே வெளியே பரப்புவதைத்தான் கேட்கிறேன்.

இப்போது வீடியோவுக்குத் திரும்புகிறேன். அதில் நான் உண்மையிலேயே பொறாமைப்பட்ட ஒன்று இருக்கிறது. அந்த மனிதர் புலம்பெயர்ந்து போனவர். அது அவர் பிறந்த ஊர் இல்லை. ஆனாலும் 1900இல் யார் முதல் சுரங்கம் தோண்டினார் என்று சொல்கிறார். நாங்கள் நான்கைந்து தலைமுறையாக இருக்கும் தெருவில் எந்தக் கடை எந்த வருடம் வந்தது என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாத்தளை நடந்து வந்தவர்களின் ஊர். கண்டி இராச்சியத்தில் மடிகே என்ற போக்குவரத்துப் பிரிவில் எங்கள் முன்னோர் பொதிமாடு ஓட்டினார்கள். உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கு கீழே இறங்கியது. அந்தத் தவளம் வழிகள்தான் எங்கள் வியாபாரத்தின் வேர். பிறகு கோப்பித் தோட்டக் காலம். இந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, நாலந்தை என்று இருநூறு கிலோமீற்றருக்கு மேல் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் கணக்கில்லை. 1848இல் கடைக்கு வரி, துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, அதோடு வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய், இல்லாவிட்டால் காசு கட்டு என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டபோது, கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் இதே மாத்தளையில்தான் எழும்பினார்கள். வீதியும் கடையும் அந்தக் கிளர்ச்சியின் காரணங்களில் இருந்தன. 1880இல் ரயில் வந்தது. 1983 ஜூலையில் இந்த நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோவிலும் தப்பவில்லை. 2018 மார்ச்சில் இதே ஏ9 வீதியில், கண்டிப் பக்கம் அக்குறணை வரை நெருப்பு வந்தது.

இவ்வளவும் நடந்த தெருவுக்கு நடந்து காட்ட ஆள் இல்லை. சீகிரியாவும் தம்புள்ளையும் எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. வெள்ளைக்காரர் வேனில் வருகிறார்கள். வாசனைத் திரவியத் தோட்டத்தில் இறங்குகிறார்கள், கோவில் கோபுரத்தைப் படம் எடுக்கிறார்கள், அளுவிகாரையைப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். கடைத்தெருவை வேன் கண்ணாடியால் பார்ப்பதோடு சரி. அவர்களை விடுங்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் பார்க்கிறார்கள். பதினோராம் தரப் பிள்ளைக்கு ஐரோப்பாவின் கைத்தொழில் புரட்சி பாடம். தன் வாப்பாவின் கடை இருக்கும் தெரு பாடத்தில் இல்லை. திரிபிடகத்தை முதன்முதலில் எழுத்தில் ஏற்றிய இடம் அளுவிகாரை. வாய்ச்சொல்லாக இருந்தது அழிந்துபோகும் என்று பயந்து, இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்த மாவட்டம் இது. நாங்களோ பழைய கடையை இடிக்கும்போது கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து எரித்துவிடுகிறோம்.

கல்வியியல் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குக் கூட்டிப் போ என்று. அதை இந்தத் தெருவில் செய்யலாம். ரயில் நிலையத்தில் தொடங்கி, திருகோணமலை வீதி, மெயின் ஸ்ட்ரீட் வழியாக முத்துமாரியம்மன் கோவில் வரை ஒரு நடை. தமிழ் மொழிமூலப் பாடசாலையும் சிங்களப் பாடசாலையும் சேர்ந்து செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கடையை எடுக்கட்டும். யார் தொடங்கினார், எந்த வருடம், முதலில் என்ன விற்றார், யார் வேலை செய்தார், 83இல் என்ன நடந்தது, யார் யாரை ஒளித்து வைத்தார் என்று கேட்டு எழுதட்டும். பிறகு பிள்ளைகளே பெற்றோரைக் கூட்டிக்கொண்டு நடந்து காட்டட்டும். தன் கடையின் கதையைத் தன் வகுப்புத் தோழன் வாயால் கேட்ட ஒருவன், நாளைக்கு அந்தக் கடையைப் புறக்கணி என்று வரும் செய்தியை ஷெயார் பண்ணும் முன் கொஞ்சமாவது யோசிப்பான். உத்தரவாதம் தர எனக்கு ஏலாது. ஆனால் முயற்சி செய்யாமல் இருக்க எந்தச் சாட்டும் இல்லை.

மாநகர சபையிடம் கேட்பதற்கு நான்கு விஷயம் இருக்கிறது. நான்குக்கும் சேர்த்து ஒரு சுரங்கத்தின் ஒரு படிக்கட்டுக்கு ஆகும் காசு கூட ஆகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று, மெயின் ஸ்ட்ரீட்டில் இனி எந்தக் கடை புதிதாகக் கட்டினாலும் முன்னால் கூரையுள்ள விறாந்தை, பக்கத்துக் கடையோடு ஒரே மட்டத்தில் தொடர வேண்டும். சக்கர நாற்காலி போக வேண்டும்.

இரண்டு, நடைபாதையில் சாமான் வைப்பதற்கு ஒரே சட்டம், எல்லாக் கடைக்கும். பேர் பார்த்து, மதம் பார்த்து, கட்சி பார்த்து இல்லை.

மூன்று, பெண்கள் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை. இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து காலையில் வரும் பெண் பின்னேரம் வீட்டுக்குப் போகும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருப்பது அதைவிட வெட்கம்.

நான்கு, உட்கார நாலைந்து இடத்தில் வாங்கு. ஒன்றும் வாங்காமல் உட்காரக்கூடிய வாங்கு.

டொரண்டோவில் இருக்கும் சகோதரரே, உங்கள் வீடியோ இவ்வளவு தூரம் எங்களைப் பேச வைத்தது. ஜஸாக்கல்லாஹு ஹைரன். அடுத்த முறை ஊருக்கு வந்தால் மாத்தளைக்கும் வாருங்கள். எங்கள் பிள்ளைகள் உங்களை நடத்திக் காட்டுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

மற்றவர்களுக்கு ஒரு வேலை. "சூப்பர் டீச்சர்" என்று போடாதீர்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் எந்த இடத்தில் நடைபாதையை விட்டு வீதிக்கு இறங்க வேண்டியிருக்கிறது என்று கொமெண்டில் எழுதுங்கள். கடையின் பேர் வேண்டாம், யாரையும் கேவலப்படுத்த வேண்டாம், இடம் மட்டும் போதும். சிங்களம் தெரிந்தவர்கள் இந்தப் பதிவைச் சிங்களத்தில் போடுங்கள், இது அவர்களுடைய தெருவும்தான். இந்த மாதக் கடைசியில் வந்த இடங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கடைக்காரர்களிடம் முதலிலும் மாநகர சபையிடம் பிறகும் போவோம். யார் யார் வருகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.